சனிக்கிழமை வீடு

27-6-38, திங்கள்

காலேஜ் திறந்துவிட்டது. சீனியர் இன்டர்மீடியட் ஆகிவிட்டேன். காலையில் திங்கட்கிழமை வீட்டில் சாப்பாடு. வக்கீல் வீடு. பருப்பில் நெய் விட்டார்களா இல்லையா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

நான் பெரிய மனிதன் ஆன பிறகு இந்த டயரியை யாராவது படிப்பார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று எழுதி வைக்கிறேன். கும்பகோணத்தில் படிக்க வந்து, ஹோட்டலில் சாப்பிட வகையில்லாத பிராமணப் பையன்களுக்கு வாரச் சாப்பாடு என்று ஓர் ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கு ஒரு வீடு, இப்படியே வாரம் முழுவதும். அந்தந்தக் கிழமையில் அந்தந்த வீட்டில் இரண்டு வேளையும் இலை போடுவார்கள். போன வருஷம் எனக்கு ஒரு கிழமையும் பாக்கியில்லை. இந்த வருஷம் சனிக்கிழமை வீட்டுக்காரரைத் திருநெல்வேலிக்கு மாற்றிவிட்டார்கள். வண்டி ஏறும்போது அந்த மாமி என் தலையில் கை வைத்து, "நன்னாப் படிடா பஞ்சு" என்றாள். படிக்கலாம். சனிக்கிழமைக்கு என்ன செய்வதென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2-7-38, சனி

வகுப்பு மத்தியானத்தோடு முடிந்தது. காவேரியில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது. செம்மண் கரைத்த மாதிரி சுழித்துக்கொண்டு போகிறது. படித்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தென்னை மட்டை போயிற்று. அதன்மேல் ஒரு காக்கை, டிக்கெட் எடுத்தவன் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்து போயிற்று.

கண்ணை மூடினால் காலேஜ் பாலம் கழன்றுகொண்டு மிதந்து போகிறது. அதன்மேல் எங்கள் தர்க்க ஆசிரியர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். "மனிதர்கள் எல்லாரும் மரணமடைகிறவர்கள்" என்று எனக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே பூம்புகார்ப் பக்கம் போய்விட்டார். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு கை ஜலம் குடித்தேன்.

பசி இல்லை.

3-7-38, ஞாயிறு

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அம்மா, அப்பா இருவரும் போன பிறகு எனக்கென்று இருக்கிறவள் வாலாம்பாள் அக்கா ஒருத்திதான். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். மாயவரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அத்திம்பேர் ராமசேஷன் பரம சாது. அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசிவிடுவாள். தர்மாம்பாள் மாமியின் இடுப்புச் சாவி அசைந்தால்தான் அந்த வீட்டில் அரிசி வெளியே வரும். மருமகளுடைய பிறந்த வீட்டுக்கு ஒரு சுண்டைக்காய் வற்றல்கூடப் போகக் கூடாது என்பது மாமியின் சட்டம்.

மே மாதம் அங்கே போயிருந்தபோது வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து ஒருவர் ஒரு பெண்ணின் ஜாதகம் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்தார். யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. கூடத்தில் அந்தப் பேச்சு நடந்தபோது அக்கா சமையலுள்ளில் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மத்துச் சத்தம் நிற்கவே இல்லை. நான் அதைப் பற்றி நினைப்பதில்லை.

சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு இல்லை என்று எழுதினால் அவள் தவித்துப் போவாள். அங்கிருந்து ஒன்றும் செய்யவும் முடியாது. அதனால் கொஞ்சம் சாமர்த்தியமாக எழுதினேன். 'இந்த வருஷம் முதல் சனிக்கிழமைதோறும் பெருமாளுக்கு உபவாசம் இருப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறேன். ஜலத்தைத் தவிர வேறு எதுவும் தொடுவதில்லை.' பாலும் பழமும் உண்டு என்று எழுதியிருக்கலாம். எழுதுகிற வேகத்தில் உபவாசம் என்ற வார்த்தை ரொம்ப அழகாக இருந்தது.

9-7-38, சனி

பசி இல்லை.

16-7-38, சனி

ஷேக்ஸ்பியர் வகுப்பில் வாத்தியார் பேசுவது தூரத்தில் தண்ணீர் விழுகிற ஓசையாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வாதாமரம் மூச்சு விடுகிறது. நிஜமாகவே விட்டது, பார்த்தேன். வெறும் வயிற்றோடு இருந்தால் உலகம் லேசாகிவிடுகிறது. சாலையில் போகிற ஜட்கா வண்டிகூடத் தரையைத் தொடாமல் போகிறது. ரிஷிகள் இதற்காகத்தான் காட்டுக்குப் போயிருக்க வேண்டும். அல்லது அவர்களுக்கும் ஒரு கிழமைக்கு வீடு கிடைக்காமல் போயிருக்கும்.

31-7-38, ஞாயிறு

இன்று நடந்ததை நம்பவே முடியவில்லை. காலை ரயிலில் அத்திம்பேர் வந்து இறங்கினார். கையில் பெரிய பித்தளைத் தூக்கு. என் அறையில் அதை வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா குடுத்தனுப்பினா. பாரணைக்கு."

"யாரு, மாமியா?"

"ம். சனிக்கிழமை பட்டினி இருக்கறவன் மறுநாள் நன்னாச் சாப்பிடணுமாம். இல்லேன்னா விரதம் பலிக்காதாம். இனிமே வாராவாரம் நான் வருவேன்."

தூக்கைத் திறந்தேன். புளியோதரை. தயிர்சாதம், அதில் இஞ்சி, மாங்காய்த் துண்டு. வாழையிலையில் சுற்றி, எண்ணெயில் ஊறிய மிளகாய்ப்பொடி தடவின தோசை. சட்டம் போட்ட அதே மாமியா இது! என் கடிதம் அந்த அம்மாளின் மனத்தையே கரைத்துவிட்டது. எனக்கு எழுத்தில் ஏதோ சக்தி இருக்கிறது என்று வெகுநாளாகச் சந்தேகம்.

அத்திம்பேர் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மெதுவாடா" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் போய்ச் சாப்பிட்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

20-8-38, சனி

மழை. பசி இல்லை. நனைந்த மண் வாசனை வறுத்த உளுத்தம் பருப்பு வாசனையாக எனக்கு மட்டும்தான் தெரிகிறதா?

22-9-38, வியாழன்

எனக்குச் சனிக்கிழமை வீடு கிடைத்துவிட்டது! எங்கள் தெருக்கோடியில் ரகோத்தம ராவ் என்று ரிடையர்டு தாசில்தார். அவர் மனைவி துங்காபாய் மாமி இன்று என்னை வழியில் நிறுத்தினாள். "புரட்டாசி சனிக்கிழமை எங்க ஆத்துல சமாராதனை. நீ வந்து சாப்பிடு. அப்புறமும் சனிக்கிழமையெல்லாம் இங்கயே வந்துடு. நாங்க ரெண்டே பேர், சமைச்சது மிஞ்சிப் போறது" என்றாள். அந்த வீட்டுக் கத்திரிக்காய் ரசவாங்கியைப் பற்றிக் காலேஜ் முழுக்கப் பேச்சு.

அக்காவிடம் விரதத்தை எப்படி முடித்து வைப்பது என்று யோசிக்க வேண்டும். டாக்டர் சொன்னதாக எழுதிவிடலாம்.

24-9-38, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

ராவ் வீட்டுக் கூடத்தில் பெருமாள் படத்துக்கு மாலை, தீபம், சாம்பிராணிப் புகை. வரிசையாக இலை. வாசலைப் பார்த்த கடைசி இலை எனக்கு. கத்திரிக்காய் ரசவாங்கி வந்தது. சாதத்தில் குழி பறித்து அதை வாங்கிக்கொண்டபோது மனம் நெகிழ்ந்து போயிற்று. பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். வாசலில் அத்திம்பேர் நிற்கிறார்.

கையில் புதுப் பித்தளை அடுக்கு. பாத்திரக் கடைக்கு வந்தவர், என் அறைக்குப் போய்விட்டு, யாரோ கைகாட்ட இங்கே வந்திருக்கிறார். வருஷம் முழுவதும் இருக்கிற சனிக்கிழமைகளை விட்டு, புரட்டாசிச் சனிக்கிழமையில், இலைக்கு முன்னால், வாயில் கவளத்தோடு நான். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் முகம் மாறவே இல்லை. "மெதுவாச் சாப்பிட்டுட்டு வா. வாசல்ல இருக்கேன்" என்றார்.

எழுந்திருக்கப் போனேன். துங்காபாய் மாமி "பாதி இலையிலயா எழுந்துக்கறது?" என்று அதட்டினாள். சாப்பிட்டேன். பாயசம்வரை சாப்பிட்டேன். என்ன ருசி என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

இருவரும் படித்துறைக்கு நடந்தோம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "ரசவாங்கியா?" என்றார்.

"ஆமா அத்திம்பேர்."

"வாசனை தெருவுக்கே வந்துது."

"அத்திம்பேர், நான் வந்து... இந்த விரதம்..."

"உங்க அக்கா அம்மாகிட்ட சொல்லியிருக்கா. நீ அவளுக்காக இருக்கேன்னு. அக்காவுக்கு ஒரு குழந்தை பொறக்கணும்னு ஒரு வருஷம் சனிக்கிழமை பட்டினி வேண்டிண்டிருக்கான் என் தம்பின்னு."

"நான் அப்படி எழுதவே இல்லையே!"

"தெரியும். கடுதாசியை அவதான் எனக்குப் படிச்சுக் காட்டினா." அடுக்கை மடியில் வைத்து விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆவணியில முகூர்த்தம் வெச்சிருந்தா அம்மா, வைத்தீஸ்வரன் கோயில் பொண்ணுக்கும் எனக்கும். பெருமாளுக்கு நேர்ந்துண்ட விரதம் நடுவுல இருக்கறச்சே குறுக்கே போகப்படாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கா. வர ஆனிவரைக்கும் பேச்சு எடுக்க மாட்டா."

நான் வீடு கிடைக்காமல் கிடந்த பட்டினியைப் பிடித்துக்கொண்டா அக்கா அந்த வீட்டில் நின்றுகொண்டிருக்கிறாள்?

"மாமிகிட்ட சொல்லிடுவேளா?"

"எதை? நான் பித்தளைக் கடைக்குத்தானே வந்தேன்." எழுந்து வேஷ்டியைத் தட்டிக்கொண்டார். "ஈயம் பூசினதா பாத்து வாங்கச் சொன்னா அம்மா. இது தேவலையான்னு பாரு."

நல்ல அடுக்குத்தான். நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண் மறைத்தது.

1-10-38, சனி

துங்காபாய் மாமியிடம் போய், எனக்குச் சனிக்கிழமை விரதம், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"போன வாரம் ரெண்டு தரம் பாயசம் வாங்கிண்டியே?"

"அதுக்கப்புறம் ஆரம்பிச்சது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு ஏதோ சித்தப் பிரமை என்று நினைத்திருப்பாள். இவ்வளவு நாளும் சாப்பாடு இல்லாமல் சாப்பிடவில்லை. இன்று சாப்பாடு இருந்தும் சாப்பிடவில்லை. இரண்டும் ஒன்றில்லை, இது வேறு மாதிரி இருக்கிறது.

பசி இல்லை.

22-10-38, சனி

தீபாவளி. மாயவரம். மாமியே ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள். விடியுமுன் எண்ணெய் தேய்த்து, புது வேஷ்டி கொடுத்து, ஊஞ்சலில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தாம்பாளம் தாம்பாளமாக லாடு, முள்ளுத்தேன்குழல், ரவா உருண்டை. ஒன்றையும் தொட முடியாது, சனிக்கிழமை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வாலாம்பா தம்பி. அவளுக்காக சனிக்கிழமை உபவாசம் இருக்கான். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை செய்யும்?" என்று மாமி என்னைக் காட்டினாள். 'எங்க வாலாம்பா' என்று அவள் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

தீபாவளி லேகியம் மருந்துதான், ஆகாரமில்லை, சாப்பிடலாம் என்று மாமி தீர்ப்புச் சொன்னாள். எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. நெல்லிக்காய் அளவில் ஆரம்பித்துப் பாத்திரத்தின் அடிவரை போய்விட்டேன். மத்தியானமெல்லாம் அடிவயிறு காந்தியது. தெருவில் பட்டாசுகள் பஞ்சுப் பொதிக்குள் வெடிக்கிற மாதிரி மெத்தென்று கேட்டன.

கிணற்றடியில் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கன்னமெல்லாம் ஏண்டா இப்படி ஒட்டிப் போச்சு?"

"ஏன் அக்கா மாமிகிட்ட அப்படிச் சொன்னே?"

அவள் புடவையைப் பிழிந்து உதறினாள். "நீயாவது விரதம் இருக்கறதாவது. ஏகாதசி அன்னிக்கு அவல் டப்பாவைக் கட்டிலுக்கடியில கொண்டுபோய் வெச்சுண்டு தின்னவன் நீ. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு, சனிக்கிழமை உனக்கு எங்கேயும் இலை விழலைன்னு."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சு நான் என்னடா பண்றது? இந்தாத்துலேருந்து ஒரு பிடி அரிசி உனக்கு அனுப்ப முடியுமா நான்? யோசிச்சுப் பாத்தேன். எப்படியும் கிடக்கப்போறே பட்டினி. அது வீணாப் போவானேன்? ஒரு பேரப்பிள்ளைக்காகன்னா எங்க மாமியார் ஞாயித்துக்கிழமை உனக்குத் தூக்கு நிறையக் குடுப்பா. அது நடந்துதோ இல்லையோ?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு வருஷம் கிடைச்சுது."

என் எழுத்தின் சக்தியைப் பற்றி ஜூலை மாதம் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

"இப்போ சனிக்கிழமை வீடு ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

14-1-39, சனி

பொங்கல். அதுவும் சனிக்கிழமை. பஞ்சாங்கம் கணிக்கிறவருக்கு என்மேல் என்ன கோபம்?

28-1-39, சனி

காலையில் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. பாலத்தில் போனவர்கள் பாதியில் கரைந்து போய், அந்தப் பக்கத்தில் மறுபடி பிறந்து நடந்தார்கள். அக்காவின் குழந்தையும் இப்படித்தான் எங்கேயோ பனிக்குள் நின்றுகொண்டிருக்கிறதோ? கூப்பிட்டால் கேட்குமா என்று நினைத்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். பெயர் தெரியாததால் "ஏய்" என்றுதான் கூப்பிட முடிந்தது. வண்ணாத்துறையில் நின்ற எருமை திரும்பிப் பார்த்தது.

பசி இல்லை.

12-3-39, ஞாயிறு

அத்திம்பேர் தூக்கோடு வந்தார். பரீட்சை ஒன்று சனிக்கிழமை வருகிறது. "அன்னிக்கு மட்டும் சாப்பிட்டுடணுமாம், உங்க அக்கா கண்டிப்பாச் சொல்லச் சொன்னா. யாருக்கும் தெரியப்போறதில்லையாம்" என்றார். சரி என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ சாப்பிட மாட்டே. எனக்குத் தெரியும்" என்றார்.

18-3-39, சனி

தர்க்கப் பரீட்சை. கேள்வித்தாளில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் எழுதினேன். ராவ் வீட்டைத் தாண்டித்தான் வந்தேன். துங்காபாய் மாமி வாசலில் நின்று, "பரீட்சையும் அதுவுமா ஒரு வாய் மோராவது குடிச்சுட்டுப் போயேண்டா" என்றாள். மோர் குடித்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். மாமி வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சொல்லி அனுப்பாமல் இருப்பது இந்த மோரை நான் குடிக்காததால்தான் என்று ஒரு பிரமை வந்துவிட்டது. பிரமை என்று தெரிகிறது. ஆனாலும் குடிக்க முடியவில்லை.

13-5-39, சனி

மாயவரம். கோடை விடுமுறைக்கு மாமியே இங்கே வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். காவேரி வற்றி மணலாகக் கிடக்கிறது. மத்தியானம் கூடத்தில் தரையில் படுத்திருந்தேன். ஊஞ்சலில் மாமி. சங்கிலி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதித் தூக்கம்.

"பஞ்சு, பசிக்கறதாடா?"

"இல்லை மாமி."

"நான் இந்தாத்துக்கு வந்தப்போ எனக்குப் பன்னண்டு வயசு" என்றாள் மாமி. என்னிடம் சொன்னாளா ஊஞ்சலிடமா தெரியாது. "இளையாளா வந்தேன். மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. அவதான் எனக்குத் தலை பின்னி விடுவா. பூ வெச்சு விடுவா. சாயங்காலமானா எனக்கு முகம் அலம்பிப் பொட்டு வெச்சு, 'போ, அவர் கூப்பிடறார்'னு சொல்லிட்டு சமையலுள்ளுக்குப் போயிடுவா. சேஷு பொறந்தப்போ அவனை முதல்ல கையில வாங்கினவ அவதான். சாகறவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசினதில்லை."

"அவா பேர் என்ன மாமி?"

ஊஞ்சல் நின்றது. மாமி ரொம்ப நேரம் யோசித்தாள். "அக்கான்னுதான் கூப்பிடுவேன்" என்றாள்.

நான் அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் முகம் தெரியாத ஒருத்தி எனக்குத் தலை வாரிவிட்டாள். விழித்தபோது பக்கத்தில் ஒரு விசிறி கிடந்தது. யார் விசிறினார்கள் என்று தெரியவில்லை.

17-6-39, சனி

பாஸ். அதுவும் தர்க்கத்தில் நல்ல மார்க். அடுத்தது பி.ஏ. விரதம் முடியட்டும் என்று எல்லாரும் ஜூலை வருவதற்காகக் காத்திருக்கிறார்கள், எனக்கு அது வரவே வேண்டாம் போல இருக்கிறது. அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. கேட்க வேண்டியதும் இல்லை. மாமி நேற்று ஜாதகக் கட்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

பசி இல்லை.

2-7-39, ஞாயிறு

காலேஜ் திறந்து கும்பகோணம் வந்துவிட்டேன். நேற்று விரதம் பூர்த்தி. இன்று ஒப்பிலியப்பன் கோயிலுக்கு மாமி, அத்திம்பேர், அக்கா மூவரும் மாயவரத்திலிருந்து வந்தார்கள். கும்பகோணம் ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் போனோம். அக்கா அரக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வயல்களில் தண்ணீர் நின்றது. வானம் வண்டியின் இரண்டு பக்கமும் கீழே கிடந்தது.

சந்நிதியில் கூட்டம் இல்லை. தீபாராதனை ஆயிற்று. மடைப்பள்ளியிலிருந்து பிரசாதம் வந்தது. அந்தக் கோயிலில் எதிலும் உப்புக் கிடையாது. யாரோ வெளியூர்க்காரர் ஏன் என்று கேட்க, பட்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாயார் சின்னப் பொண்ணு. உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாதுன்னு அவ அப்பா பெருமாள்கிட்ட தயங்கினார். அதனால என்ன, எனக்கு உப்பே வேண்டாம், இவ போறும்னுட்டார் இவர்." அவர் தினமும் சொல்கிற கதை. நாங்கள் எல்லாரும் அறிந்த கதை. அத்திம்பேர் மட்டும் புதிதாகக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். மாமி மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். கோபமே இல்லை.

"குழந்தை ஒரு வருஷம் வயத்தைக் காயப் போட்டான். பெருமாள் மனசு வெக்கலை. நாம என்ன பண்ண முடியும்? வாலாம்பா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நீ மூத்தவளா, மகாராணியா இருக்கலாம். ஆவணியில நல்ல முகூர்த்தம் இருக்கு."

அக்கா பிரசாத இலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. மோர் கடைந்தபோதும் அப்படித்தான் நிற்கவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"மாமி! இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு இப்போதான் சந்நிதியில வேண்டிண்டேன்" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. ஒரு வினாடிக்கு முன்வரை எனக்கே தெரியாத வேண்டுதல். துங்காபாய் மாமி வீட்டில் மறுபடி கேட்டால் இலை போடுவாள் என்று காலையில்தான் நினைத்திருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. மாமி தலையை ஆட்டினாள். "வேண்டாம்டா. போறும். நீ எலும்பாப் போயிட்டே. ஒருத்தன் பட்டினிக்கு இறங்காதவர் இன்னொரு வருஷத்துக்கா இறங்கப்போறார்?"

"அவன் ஒருத்தன் இருந்தாப் போறாதும்மா" என்று ஒரு குரல் கேட்டது. அத்திம்பேர். தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நானும் இருக்கேன். இந்த வருஷம் சனிக்கிழமை எனக்கும் இலை போடாதே."

"என்னடா சொல்றே சேஷு?"

"பொண்டாட்டிக்காகப் பெருமாளே உப்பை விட்டிருக்கார். நான் வாரத்துல ஒரு நாள் சோத்தை விடக் கூடாதா? பட்டர் சொன்னதைக் கேட்டியோல்லியோ. பலிக்கலேன்னா அதுக்கப்புறமும் இருப்பேன். எனக்கு இவ போறும்மா."

அம்மாவுக்கு எதிரில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கே மூச்சு வாங்கியது. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் தோள்கள் குலுங்கின. ஒரு வருஷமாக நிற்காத கைகள் இப்போதுதான் நின்றன.

மாமி மருமகளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரத்தில் புறாக்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தன. பிறகு மாமி பிரசாதத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பில்லாம எப்படித்தான் இறங்கறதோ" என்றாள். விழுங்கினாள். "சரி. இருங்கோ ரெண்டு பேரும். ஞாயித்துக்கிழமை நானே சமைச்சுப் போடறேன்." அக்காவின் முதுகைத் தொட்டு, "எழுந்திருடீ, முகத்தை அலம்பிக்கோ. வண்டிக்கு நாழியாச்சு" என்றாள்.

திரும்பும்போது ஜட்காவில் அக்கா என் கையில் கிள்ளினாள். சதை பிய்கிற மாதிரி. சின்ன வயதில் கிள்ளிய அதே இடம்.

"பி.ஏ. படிக்கறவன் சாப்பிடணும்டா, பைத்தியமே" என்றாள் காதோடு. பிறகு அந்த இடத்தை வழியெல்லாம் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

8-7-39, சனி

புதுத் தண்ணீர். போன வருஷத்து அதே செம்மண் நிறம். பாலம் மிதக்கிறதா என்று பார்த்தேன். இன்னும் இல்லை, சாயங்காலம் ஆக வேண்டும்.

மத்தியானம் யாரோ பின்னால் வந்து படியில் உட்கார்ந்தார்கள். அத்திம்பேர். கையில் தூக்கு இல்லை.

"ஆத்துல இருக்க முடியலைடா. அம்மா இன்னிக்குன்னு பாத்து முருங்கைக்காய் சாம்பார் வெச்சிருக்கா. நீ எங்கே இருப்பேன்னு தெரியும், ரயில் ஏறிட்டேன்."

"அக்கா?"

"சிரிக்கறா. காலம்பரலேருந்து என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கறா."

இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாழைமரம் சுழன்று சுழன்று போயிற்று. ராவ் வீட்டுப் பக்கமிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை முழுசாக இழுத்தார்.

"ஒரு வருஷம் எப்படிடா இருந்தே? உனக்குப் பசிக்கவே பசிக்காதா?"

இந்த டயரியில் நான் எத்தனையோ சனிக்கிழமைகளில் எழுதியிருக்கிற பதில் தயாராக வாயில் இருந்தது.

"பசிக்கறது அத்திம்பேர்" என்றேன். "ரொம்பப் பசிக்கறது."